ஷேட் கார்டில் அழகாக இருந்த கிரே, சுவரில் ஏன் சிமென்ட் மாதிரி ஆகிறது?

கேள்வி இதுதான்: நங்கநல்லூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட், ஹாலுக்கு ஷேட் கார்டு பார்த்து ஒரு வெளிர் கிரே தேர்ந்தெடுத்தார்கள், ரெண்டு கோட்டு அடித்து முடித்ததும் சுவர் நீலம் தட்டி, பெயின்ட் அடிக்காத சிமென்ட் பூச்சு மாதிரி நிற்கிறது. பத்திரிகைப் படங்களில் வருகிற வீடுகளில் மட்டும் அதே கிரே எப்படி அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது, அதற்கு வெளிநாட்டு பெயின்ட்தான் வாங்கவேண்டுமா, மிச்சமிருக்கும் 4 லிட்டர் டின்னை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடுகளுக்கு நிறம் கலந்து கொடுப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டு பெயின்ட் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். முதலில் அந்த டின் மூடியில் கடைக்காரர் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். எந்த பேஸ் (நிறம் கலக்காத அடிப்படை பெயின்ட்), அதில் எந்தக் கலரன்ட் (நிறம் கொடுக்கிற திரவம்) எத்தனை மில்லி விழுந்தது என்று சுருக்கெழுத்தில் அச்சடித்திருப்பார்கள். சில கடைகளில் ஷேட் பெயரும் நம்பரும் மட்டும்தான் இருக்கும், அப்போது நிறம் கலக்கிற மெஷின் பக்கம் நிற்கிற பையனிடம் கேளுங்கள், திரையில் காட்டுவார். உங்கள் கிரேயில் வெள்ளை பேஸ், கறுப்பு, பேருக்குக் கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ, இவ்வளவுதான் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த மெஷினுக்குள் மஞ்சள் ஆக்சைடு, ரெட் ஆக்சைடு, நீலம், பச்சை, மெஜந்தா, வயலட் என்று ஒரு டஜன் கலரன்ட் வரை இருந்தும், ஃபார்முலாவில் பெரும்பாலும் ரெண்டு மூன்றுக்கு மேல் வராது. ஃபார்முலா எழுதுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்குச் செலவு குறையவேண்டும், தாம்பரத்தில் கலந்தாலும் திருவொற்றியூரில் கலந்தாலும் ஒரே நிறம் வரவேண்டும். கலரன்ட் எண்ணிக்கை குறைந்தால் ரெண்டும் சுலபம். ஒரு நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கவோ அடர்த்தியாக்கவோ கறுப்பைவிட மலிவான, வீரியமான வழியும் கிடையாது.

கறுப்பில்தான் பிரச்சினையே. இதற்கு அதிகம் பயன்படுவது விளக்குக் கரியில் இருந்து வரும் கறுப்பு, வெள்ளையோடு கலந்தால் அது நீலம் தட்டும். அதனால்தான் வெள்ளையும் கறுப்பும் மட்டும் சேர்ந்த கிரே நம் கண்ணுக்கு வெறும் கிரேயாகத் தெரியாமல் சில்லென்று, உயிரில்லாமல் தெரிகிறது. அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. கறுப்பு எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுங்கிவிடும். ஒரு பச்சையில் கறுப்பைச் சேர்த்தால் வருவது வெளிச்சம் குறைந்த பச்சை மட்டுமே, அதற்குள் புதிதாக எதுவும் சேரவில்லை. அதே பச்சையை ரெட் ஆக்சைடு போட்டு அடக்குங்கள். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிறம் மங்கும், ஆனால் ரெண்டுமே உள்ளே இருக்கும். காலை வெயிலில் சிவப்புப் பக்கம் கொஞ்சம் சாயும், மதியம் பச்சைப் பக்கம் போகும், மழை மூட்டத்தில் ரெண்டும் இல்லாமல் சாம்பலாக நிற்கும். "ஆழமான நிறம்" என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு இந்த நகர்வுதான். மயில்கழுத்துப் பட்டுச் சேலையை யோசித்துப் பாருங்கள், பாவில் (நீளவாட்டு இழையில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு இழையில்) வேறு நிறம், மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும், எந்த ஒரே சாயத்தில் முக்கி எடுத்தாலும் அது வராது.

இதை நம் ஊர் ஆட்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடிக்கிற காலத்தில் வாளியில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள், சுண்ணாம்பில் இருக்கும் லேசான மஞ்சளை அந்த நீலம் அடக்கி, சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மஞ்சளை நீலத்தால் அடக்குவது, நிறத்தை அதன் எதிர்நிறத்தால் கட்டுப்படுத்துவது, கொத்தனார்களுக்கும் வெள்ளையடிப்பவர்களுக்கும் இது கைப்பழக்கம். சரி, அந்தக் கைப்பழக்கத்தை எமல்ஷன் (தண்ணீரில் கரைகிற சுவர் பெயின்ட்) டின்னுக்குக் கொண்டுவருவதுதான் இப்போது வேலை.

எதிர்நிறம் எதற்கு எது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு வயலட் (சுண்ணாம்பில் கரைக்கிற அந்தத் துணி நீலமும் வயலட் பக்கம் சாய்ந்ததுதான்). பெயின்ட் கடையில் சின்ன பாட்டில்களில் ஸ்டெய்னர் (கையால் கலக்கிற அடர் நிறத் திரவம்) கிடைக்கும், 50, 100 மில்லி அளவுகளில். மஞ்சள் ஆக்சைடு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஃபாஸ்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன், ஃபாஸ்ட் வயலட், ஒரு சிவப்பு, இவை இருந்தால் எந்த வீட்டுக்கும் நிறம் கலந்துவிடலாம். கறுப்பு வாங்காதீர்கள். இருந்தால் கை அதைத்தான் முதலில் தேடும்.

உங்கள் மிச்ச டின்னுக்கு வருகிறேன். நீலம் தட்டுகிறது என்றால் அதற்குத் தேவை ஆரஞ்சுப் பக்கம், அதாவது மஞ்சள் ஆக்சைடும் பர்ன்ட் சியன்னாவும். நேராக 4 லிட்டரில் ஊற்றிவிடாதீர்கள். டின்னை அடிவரை நன்றாகக் கலக்கி, 200 மில்லி மட்டும் ஒரு டப்பாவில் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் 1 மில்லி ஊசி ஒன்று வாங்குங்கள், கோடு போட்டிருக்கும், ஊசிமுனையைக் கழற்றிவிட்டு அதில் ஸ்டெய்னரை உறிஞ்சினால் அளவு துல்லியமாக வரும். மஞ்சள் ஆக்சைடு 0.5 மில்லி, பர்ன்ட் சியன்னா 0.1 மில்லி என்று ஆரம்பித்துக் கலக்கிப் பாருங்கள். நீலம் இன்னும் எட்டிப் பார்த்தால் அதே அளவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் எழுதி வைத்துக்கொண்டே போங்கள். 200 மில்லியில் சரியாக வந்த அளவை 20 ஆல் பெருக்கினால் 4 லிட்டருக்கு ஆயிற்று (சோதனைக்கு 200 மில்லி எடுத்தபிறகு டின்னில் 3.8 லிட்டர்தான் இருக்கும், அதற்கு 19 மடங்கு போதும்). ஸ்டெய்னர் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நான் சொன்ன மில்லி ஆரம்பப் புள்ளிதான், உங்கள் கண்தான் கடைசித் தீர்ப்பு.

ஃபாஸ்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன் ரெண்டிலும் தனி எச்சரிக்கை. ரெண்டும் தாலோசயனின் என்கிற செயற்கை நிறமி வகை. அந்த நீலம் 1930களில் சந்தைக்கு வந்தது, அதுவரை இருந்த நீலங்களை எல்லாம் ஓரம்கட்டிவிட்டது, அவ்வளவு வீரியம். மஞ்சள் ஆக்சைடு 10 மில்லி செய்கிற வேலையை இது சில துளிகளில் செய்துவிடும். ஊசியிலிருந்து நேராகச் சொட்டாமல், ஒரு ஸ்பூன் பெயின்டில் முதலில் கரைத்து அந்தக் கரைசலைச் சேர்ப்பது பாதுகாப்பு.

முதலிலிருந்து ஒரு நிறம் கட்டுவதாக இருந்தால் நான் போகிற வழி இது. வெள்ளை எமல்ஷனில் மஞ்சள் ஆக்சைடு போட்டு ஒரு சந்தன நிறம் வரவழைத்துக்கொண்டு, அதில் வயலட்டைத் துளித்துளியாக விடுவேன். பளிச்சென்ற மஞ்சள் மெல்ல அடங்கி, காளானுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு நிறம் வரும், அது இந்த ஊர் வெயிலுக்கு ரொம்பப் பொருந்துகிற நிறம், மதியம் கண்ணைக் கூசாது, ராத்திரி விளக்கில் அழுக்காகவும் தெரியாது. பெட்ரூமுக்குப் பச்சை கேட்டால், மஞ்சள் ஆக்சைடோடு பச்சை சேர்த்துவிட்டு பர்ன்ட் சியன்னாவால் அடக்குவேன், காய்ந்த வேப்பிலை நிறத்துக்கு வரும்வரை. நீலத்துக்கும் அதே பர்ன்ட் சியன்னாதான். நீலமும் செம்பழுப்பும் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கிற இடத்தில் ஒரு கிரே பிறக்கும் பாருங்கள், அதை எந்தக் கறுப்பும் கொடுக்காது. கொஞ்சம் நீலம் கூடினால் மழைமேகம், கொஞ்சம் சியன்னா கூடினால் புறாக் கழுத்து. ஓவியர்கள் காலங்காலமாகக் கறுப்பு ட்யூப் தொடாமல் கிரே கலப்பது இந்த ஜோடியில்தான்.

இன்னொரு நல்ல விஷயம், மஞ்சள் ஆக்சைடும் சியன்னாவும் இரும்பு ஆக்சைடுகள், கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே பட்டையாக அடிக்கிற காவியின் குடும்பம். வெயிலில் வெளுக்காது, சுண்ணாம்புக் காரத்திலும் கெடாது. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள்கள் அப்படியில்லை, அவற்றில் பல வெயில் படுகிற சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும், அது வெளுத்ததும் கூடவே கலந்திருந்த நீலமோ பச்சையோ மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். பால்கனிச் சுவருக்கு நிறம் கலக்கும்போது இதை மறக்காதீர்கள்.

ஸ்டெய்னர் அதிகம் போனால் பெயின்ட் சரியாகக் காயாது, கைபட்டால் ஒட்டும், துடைத்தால் நிறம் வரும். எவ்வளவு வரை போகலாம் என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டவேண்டாம். அரக்கு, பாக்கு, மயில்கழுத்து மாதிரி அடர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளை டின்னில் ஸ்டெய்னரைக் கொட்டி அந்த அடர்த்தி வரவே வராது, வெள்ளை பேஸில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளை நிறமி எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். அதற்கென்றே வெள்ளை நிறமி குறைந்த டீப் பேஸ் அல்லது அதுவே இல்லாத கிளியர் பேஸ் உண்டு, கடையில் மெஷினில் போடச் சொல்லி, ஃபார்முலாவில் கறுப்பு இருந்தால் அதைப் பாதியாகக் குறைக்கவோ எடுத்துவிடவோ சொல்லுங்கள். மெஷினில் கையால் அளவு அடித்தும் போடலாம். சில கடைக்காரர்கள் தயங்குவார்கள், கலந்த டின்னைத் திருப்பி எடுக்க முடியாது இல்லையா, அவர்கள் பயமும் நியாயம். "நிறம் எப்படி வந்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் செய்து கொடுப்பார்கள். மிச்ச அடர்த்தியை வீட்டில் எதிர்நிறத்தால் கொண்டுவந்துவிடலாம்.

டப்பாவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பசை பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் அது கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி அடர்த்தியாகும். ரெண்டடிக்கு ரெண்டடி அட்டையோ ப்ளைவுட் துண்டோ எடுத்து, ஓரத்தில் ரெண்டங்குலம் வெள்ளை விட்டு, ரெண்டு கோட்டு அடித்து முழுக்கக் காயவிடுங்கள். அந்த வெள்ளை ஓரம் ரொம்ப முக்கியம். பழைய நிறச் சுவரில் நேராக அடித்துப் பார்த்தால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும், ரோஸ் சுவருக்கு நடுவே எந்த கிரேயும் பச்சையாகத்தான் தெரியும். ஒரே நிறம் பக்கத்தில் இருப்பதற்கு ஏற்ப மாறித் தெரிவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல் 1839-லேயே புத்தகமாக எழுதி வைத்தார், அவர் பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அட்டையை ஒரே இடத்தில் வைக்காமல் ஜன்னல் பக்கம், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், சோபாவுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி வைத்து, காலையிலும் மதியமும் விளக்கு போட்டபிறகும் பாருங்கள்.

இனி வெளிச்சம். உங்கள் சுவர் சிமென்ட் ஆனதில் கறுப்புக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பாதி இதற்கு. இங்கிலாந்து, அமெரிக்கப் புத்தகங்களில் "வடக்கு ஜன்னல் என்றால் குளிர்ந்த வெளிச்சம், தெற்கு என்றால் வெயில்" என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிப்பொழுது சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். வடக்கு ஜன்னல் வைத்த அறையில் மே, ஜூனில் வெயில் வருவது அதனால்தான். டிசம்பரில் அதே அறை முழுக்க நிழலாகிவிடும். ஒரே சுவர் வருஷத்தில் ரெண்டு வேறு வெளிச்சத்தில் வாழ்கிறது.

ஃப்ளாட்டுகளில் இதைவிடப் பெரிய விஷயம் பக்கத்து வீட்டுச் சுவர். நாலைந்து அடி சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவர் என்ன நிறமோ, அந்த நிறத்தில் தோய்ந்த வெளிச்சம்தான் உங்கள் அறைக்குள் வரும். எதிர்ச்சுவர் கிளிப்பச்சை என்றால் உங்கள் பெட்ரூம் வெள்ளையும் காலை பத்து மணிக்குப் பச்சை தட்டும், அங்கே லேசான செம்பழுப்பு கலந்த வெள்ளை அடித்தால்தான் வெள்ளையாகத் தெரியும். ஜன்னலை அடைத்துக்கொண்டு வாதாம் மரம் நின்றாலும் இதே கதை. தரையும் சும்மா இருக்காது. ரெட் ஆக்சைடு தரை சுவரின் கீழ்ப்பாதிக்கு ஒரு செம்மை கொடுக்கும், பளபளக்கும் க்ரீம் டைல்ஸ் அறை முழுக்க மஞ்சளைத் தூக்கிப் போடும். அதோடு நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை வீசிக்கொள்ளும், அதனால் ஷேட் கார்டில் சாதுவாக இருந்த மஞ்சள் அறைக்குள் எகிறுகிறது. பிடித்த நிறத்தைவிட ஒரு படி மங்கலானதைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ராத்திரிக்கு உங்கள் ஹாலில் என்ன விளக்கு? 6500 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) வெள்ளை எல்ஈடி ட்யூப் என்றால், நீலம் தட்டுகிற கிரேயில் அது இன்னும் நீலத்தைக் கொட்டும். 3000 அல்லது 4000 கெல்வினுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பெயின்ட் பற்றி முடிவெடுங்கள், செலவு குறைவான வேலை அதுதான். விளக்கு டப்பாவில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, சாதாரண எல்ஈடி 80 பக்கம் இருக்கும், 90க்கு மேல் இருப்பதை வாங்குங்கள். மலிவு எல்ஈடிகளில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு, காவி, சியன்னா கலந்த நிறங்கள் அதன் கீழ் சேறு மாதிரி ஆகிவிடும். இவ்வளவு பாடுபட்டு உள்ளே வைத்த சிவப்பைக் காட்டுவதற்கு வெளிச்சத்திலும் சிவப்பு இருக்கவேண்டும்.

ஃபினிஷைப் பொறுத்தவரை ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மேட் (பளபளப்பில்லாதது) என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பளபளப்பு கூடினால் ஜன்னலும் விளக்கும் சுவரில் பிரதிபலித்து நிறத்தைக் கழுவிவிடும், பட்டி பார்த்த மேடுபள்ளமும் அப்படியே தெரியும். குழந்தைகள் கைவைக்கிற இடம், சமையலறை என்றால் மட்டும் லேசான ஷீன் (மெல்லிய பளபளப்பு) உள்ளதை எடுங்கள்.

உண்மையான ஆழம் என்றால் என்னவென்று கண்ணால் பார்க்கவேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போய் அங்கே எடுத்துவந்து நிறுத்தியிருக்கும் பழைய வீடுகளின் சுவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுண்ணாம்பு மெல்லிய பல கோட்டுகளாக ஏறும், கோட்டுக்குக் கோட்டு கனம் மாறும், வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. அதை உங்கள் பட்டி பார்த்த சுவரில் நேராக அடித்தால் பிடிக்காது, சுண்ணாம்புக்கு உறிஞ்சுகிற சுவர் வேண்டும். எமல்ஷனிலேயே கிட்டத்தட்ட அதற்குப் பக்கம் போக ஒரு வழி இருக்கிறது: கீழே வெளிர் நிறம் அடித்து, அதன்மேல் கிளியர் பேஸில் கலந்த கொஞ்சம் அடர்ந்த நிறத்தைத் தண்ணியாக்கி அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கோட்டு. கீழ்நிறம் மெல்லத் தெரியவேண்டும். பெயின்டர் அண்ணனுக்கு இது "சரியா மூடல" என்றுதான் தோன்றும், இன்னொரு கோட்டு போடக் கிளம்புவார், அதனால் முதல் சுவர் முடிகிறவரை பக்கத்தில் இருங்கள்.

கையால் கலக்கும்போது ஒரு அறைக்கான மொத்த பெயின்டையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். டின்னுக்கு டின் தனித்தனியாகக் கலந்தால் சுவர் நடுவில் கோடு விழும். அரை லிட்டர் டச்சப்புக்கு இறுக்கி மூடி வையுங்கள், கைக்கலவையை மறுபடி அதே மாதிரி கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

இப்போது வெளிநாட்டு பெயின்ட். கறுப்பே சேர்க்காமல் ஏழெட்டு நிறமிகள் கலந்து "ஃபுல் ஸ்பெக்ட்ரம்" என்று விற்கிறார்கள், அவற்றில் நிஜமாகவே அழகான நிறங்கள் இருக்கின்றன. ஆனால் மற்ற பெயின்ட் எல்லாம் ஒளியின் பாதி நிறங்களைத்தான் திருப்பி அனுப்பும் என்கிற மாதிரி விளம்பரம் செய்வதை நம்பவேண்டாம், வெள்ளை பேஸ் கலந்த எந்த வெளிர் நிறமும் எல்லா நிற ஒளியையும் கொஞ்சமாவது திருப்பி அனுப்பத்தான் செய்யும். வித்தியாசம் எதிர்நிறங்களின் சமநிலையில் இருக்கிறது, அதை நம் ஊர்க் கடையில் கிடைக்கும் நல்ல எமல்ஷனிலும் சில ஸ்டெய்னர் பாட்டில்களிலும் கொண்டுவர முடியும். காசு போடுவதென்றால் மலிவான டிஸ்டம்பரை விட்டுவிட்டு நல்ல தரமான எமல்ஷனுக்கும், பட்டி, பிரைமர் வேலைக்கும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், உப்பு பூத்தால் எந்த நிறமும் நிற்காது. தை பிறந்தபின் சுவர் நன்றாகக் காய்ந்ததும் அடியுங்கள், அதற்குள் அட்டைகளில் உங்கள் நிறத்தைக் கண்டுபிடிக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது.